விரலில் இருந்த ஓமம்

அக்கா, இன்று காலை என் விரல்களை முகர்ந்து பார்த்தேன். ஓம வாசம் இல்லை. சிரிக்காதீர்கள். பெருநாளுக்காகக் கடையை மூடி இது நான்காம் நாள். பிரியாணிச் சட்டி இருந்த பக்கமே நான் போகவில்லை. பெருநாள் சாப்பாட்டைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிட்டேன். வந்திருந்த சம்பந்தி வீட்டார் முன்னால் என் மனைவி என்னை முறைத்த முறைப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருஷமாக மசாலா அள்ளிய கை வெறும் கையாக மாற இவ்வளவு பாடு இருக்கிறது. அந்தக் கையோடுதான் கடையின் பின்சந்துக்குப் போனேன். அங்கே என்ன ஆனது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். என்னை மூன்று வருஷம் காக்க வைத்தவர் நீங்கள், இப்போது கொஞ்சம் நீங்களும் பொறுங்கள்.

உலர்செடிக் காப்பகத்துக்கு முதன்முதலாக நான் வந்த சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டும் தொண்டூழியம். வாரக் கடைசியில் கடையை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும், வீட்டில் உட்கார்ந்து நான் எல்லாரையும் விரட்டுகிறேன் என்று மகள்தான் என் பெயரை அங்கே கொடுத்துவிட்டாள். நீங்கள் எதிரே உட்கார்ந்து கத்தரியால் காகிதப் பட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தீர்கள். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு இறங்கும் இடத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் கீரையையும் செடியையும் பரிசோதிக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகுதான் தெரிந்தது. தேக்கா பக்கத்தில் எனக்கு மசாலாக் கடை என்றதும் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"அப்போ உங்க கடைல பாதிப் பேரு ஒரே குடும்பம் பாய்" என்றீர்கள். சீரகம், சோம்பு, மல்லி, ஓமம், சதகுப்பை, பெருங்காயம் என்று விரல் விட்டு எண்ணினீர்கள். எல்லாம் கேரட்டின் சொந்தக்காரர்களாம். புல்தரையில் நாம் மிதித்துக்கொண்டு போகும் வல்லாரையும் அதே வீட்டுப் பிள்ளையாம். பாட்டன் காலத்துக் கடையில் பிறந்து வளர்ந்த எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. அன்று கடைக்குத் திரும்பி அலமாரியைப் பார்த்தபோது, சம்பந்தம் பேசி முடித்த பிறகு உறவுமுறை தெரிந்த மாதிரி இருந்தது.

சண்டை ஆரம்பித்தது பின்சந்தில். மிளகாய்த்தூள் வாங்க வந்த நீங்கள் அரைத்து முடியும்வரை சும்மா இருக்காமல் சந்துப் பக்கம் போனீர்கள். கால்வாய் ஓரத்துச் சிமெண்டு வெடிப்பில் ஒரு சாண் உயரத்தில் ஒரு செடி நின்றது. நூல் நூலாக இலை, நுனியில் குடை விரித்த மாதிரி பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள். நான் எட்டிப் பார்த்ததுமே ஓமம் என்று சொல்லிவிட்டேன். தினமும் அங்கேதான் சாக்கு உதறுகிறோம், வேறு என்ன முளைக்கும்? நீங்கள் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் குனிந்தீர்கள். பூக்குடைக்கு அடியில் ஓமத்துக்கு இருக்க வேண்டிய பொடி இலைகள் இதில் இல்லை என்றீர்கள். உதிர்ந்திருக்கும் என்றேன். ஓர் இலையைக் கசக்கி உங்கள் மூக்கருகே நீட்டினேன். நீங்கள் முகர்ந்தீர்கள். பிறகு, செடியைத் தொடாத என் இடது கையைக் காட்டச் சொல்லி அதையும் முகர்ந்தீர்கள்.

"ரெண்டு கையும் ஒரே வாசம் பாய். அது உங்க விரல்ல இருக்கிற ஓமம், செடியோடது இல்ல லா."

எனக்கு வந்ததே கோபம். ஓமக் கடைக்காரனுக்கே ஓமம் தெரியாதா? நீங்களும் ஓர் இலையைக் கசக்கி, செலரி மாதிரி இருக்கிறது என்றீர்கள். மருந்தடித்த பெட்டிகளை முப்பது வருஷம் முகர்ந்த மூக்கை யார் நம்புவது என்று நான் சொல்லிவிட்டேன். அதிகப்பிரசங்கித்தனம்தான். நீங்கள் சிரித்தீர்கள், நான் சிரிக்கவில்லை.

செடியைப் பிடுங்கி, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டினோம். நீங்கள் பெயர்ச் சீட்டில் எழுதினீர்கள்: சைக்ளோஸ்பெர்மம் லெப்டோபில்லம். வட்ட விதை, மெல்லிய இலை என்று பொருள் சொன்னீர்கள். முன்பு செலரியோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்து, பிறகு தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்களாம். நான் விடவில்லை. என் சீட்டில் ஓமம் என்று எழுதி, உங்கள் சீட்டை மறைக்காமல் அதற்கு மேல்பக்கத்தில் ஒட்டினேன். அந்த இடத்துச் சட்டம் அப்படி. பிடிக்கவில்லை என்று யாரும் யார் சீட்டையும் கிழிக்கக்கூடாது. தன் சீட்டைப் பெயரும் தேதியும் போட்டு ஒட்டலாம். ஒத்துக்கொள்கிறவர் பழைய சீட்டில் ஓர் ஆச்சரியக்குறி போட்டுப் பெயர் எழுதினால் போதும். பொறுப்பில் இருந்த அம்மையார் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, இந்தக் குடும்பத்தில் காயைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டார். காய்க்காகச் சந்துக்கு ஓடினோம். அதற்குள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பின்சந்து முழுவதையும் கழுவிவிட்டிருந்தார்கள்.

இந்தத் துக்கடாச் செடிக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று ஒரு நாள் கேட்டேன். தேக்கா உணவுக் கடையில், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னீர்கள்.

"ஓமம்னா அது உங்க கடைக் குப்பை பாய். இதுன்னா தானா வந்த செடி. தென்னமெரிக்காவுல பொறந்து, யாரும் கொண்டு வராம, யாரும் விக்காம இங்க வந்து நிக்குது. அனுமதிப் பேப்பர் இல்லாத செடி எத்தனையோ திருப்பி அனுப்பிட்டேன், கொளுத்தச் சொல்லிட்டேன். இது ஒண்ணாவது என் கையால உள்ள இருக்கட்டும்."

அன்றே நான் இறங்கி வந்திருக்க வேண்டும் என்று என் மனைவி இப்போதும் சொல்கிறாள். எப்படி அக்கா? பாவம் பார்த்து ஒத்துக்கொண்டால் உங்களுக்கு அது எச்சில் சோறு. முகத்தில் அடித்த மாதிரி திருப்பித் தந்திருப்பீர்கள்.

மருத்துவமனைக்கு நான் கஞ்சி கொண்டு வந்த கடைசித் தடவை, உடம்பைப் பற்றிப் பேச நீங்கள் விடவில்லை. காய் வந்ததா என்று கேட்டீர்கள். இன்னும் இல்லை, வந்தால் நான்தான் ஜெயிப்பேன் என்றேன். "ஜெயிச்சா சந்தோஷம். தோத்தா குறி போடணும், ஏமாத்தக் கூடாது" என்றீர்கள். பத்து நாள் கழித்து மண்டாய் தகனச் சாலையில் உங்கள் பிள்ளைகளோடு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். வாதாட ஆளில்லாமல் இந்த ஊரில் என்ன செய்வேன் என்று இருந்தது.

இந்த வருஷம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், அதே வெடிப்பில் இரண்டு செடிகள் வந்தன. காய்கறிக் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே கல் வைத்தேன். சந்து கழுவும் சீனக் கிழவரிடம் அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். சாப்பிடுகிற கீரையா என்று கேட்டார். கேஸ் நடக்கிறது என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, ஒரு தடவைகூடத் தண்ணீர் அடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்காக நான் அதைக் காக்கவில்லை. ஜெயிப்பதற்காகத்தான் காத்தேன். பூ வந்தது, பூ போய்க் காய் வந்தது. தொடவில்லை. பெருநாளுக்குக் கடை மூடட்டும், கை சுத்தமாகட்டும் என்று இருந்தேன்.

இன்று காலை கூடையைத் தூக்கினேன். ஓர் இலையைக் கசக்கினேன்.

செலரி. பச்சைக் கேரட் தழையும் செலரியும் கலந்த வாசம். ஓமம் மருந்துக்குக்கூட இல்லை.

அப்படியும் என் பிடிவாதம் போகவில்லை. முற்றிய காய் ஒன்றைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் உருட்டினேன். ஓமம் என்றால் மேலெல்லாம் நுண்ணிய பரு இருக்கும், சொரசொரக்கும். இருட்டில் கொடுத்தாலும் இந்த விரல் சொல்லும். இது வழுவழு என்று ஓடியது. மகள் வாங்கித் தந்த உருப்பெருக்கியில் பார்த்தேன். தடித்த வரிகள், பரு ஒன்றுகூட இல்லை. பூக்குடையின் அடியிலும் பொடி இலை கிடையாது. முதலிலேயே கிடையாது அக்கா, உதிரவில்லை. சந்திலேயே நின்று சத்தமாகச் சிரித்தேன். மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து என்ன ஆச்சு என்றாள். "அக்கா ஜெயிச்சுட்டாங்க" என்று கத்தினேன். வாழ்நாளில் எந்தத் தோல்வியையும் நான் இப்படிக் கொண்டாடியதில்லை. என் மகன் பரீட்சையில் பாஸானபோதுகூட இப்படிக் கத்தியதில்லை.

ஒரு செடியைக் காயோடு எடுத்துக்கொண்டு நேரே காப்பகத்துக்குப் போனேன். அம்மையார் காயைக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார், நம் பழைய தாளோடு ஒப்பிட்டார், தலையை ஆட்டினார். அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். பேனாவை எடுத்து உங்கள் சீட்டில் ஆச்சரியக்குறி போட்டேன். அது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கீழே என் பெயர், தேதி. என் ஓமச் சீட்டும் மேலேயே ஒட்டியிருக்கிறது, யாரும் கிழிக்க முடியாது. இருக்கட்டும். நீங்கள் யாரை ஜெயித்தீர்கள் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நாளைக்குக் கடை திறக்கிறேன். சாயங்காலத்துக்குள் விரலில் ஓமம் ஏறிவிடும். இனிமேல் எதைப் பற்றியும் அடித்துப் பேசுவதற்கு முன்னால் இடது கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். எனக்கு ஏதோ வியாதி என்று மகன் நினைப்பான், நினைத்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு செடியை எடுக்கவில்லை. சந்தில் அதே வெடிப்பில் நிற்கிறது. அதற்கு இப்போது பேப்பர் இருக்கிறது அக்கா, உங்கள் கையெழுத்தில்.