அமுக்கக் கூடாத பை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு, உங்கள் வாயாடி எழுதுவது. நானும் மகளும் சுகம்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். போன லீவில் உங்கள் குறட்டை தாங்கவில்லை என்று பத்து நாளும் கூடத்தில் படுக்க வைத்தேனே, அது பொய். குறட்டை உண்மைதான். ஆனால் இருபது வருஷமாக அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.

நீங்கள் வருவதற்கு நாலு நாள் முன்னால், ஆஸ்பத்திரியில் நான் துப்புரவு பார்க்கும் வார்டில் மஞ்சள் பை நிரம்பி வழிந்தது. ரத்தம் பட்ட பஞ்சு, துணியெல்லாம் அதில்தான் போடுவோம். அதை அமுக்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடமே நடத்தினார்கள். நான்தான் பாடத்துக்கு மூன்றாம் வகுப்பிலேயே கும்பிடு போட்டவளாயிற்றே. இன்னொரு பை எடுக்கச் சோம்பல்பட்டுக் கையால் அமுக்கினேன். ஊசி டப்பாவில் போடவேண்டிய ஊசியை யாரோ அதில் போட்டிருக்கிறார்கள். கையுறையைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது. தையல் ஊசி குத்தின மாதிரி விரலை வாயில் வைக்கப் போனேன். நர்சம்மா கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவவைத்தார்.

யார் ரத்தம் என்று தெரியாத ஊசி. எய்ட்ஸ் வந்துவிடக் கூடாதென்று அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்து, இருபத்தெட்டு நாள் விழுங்கினேன். மூன்று மாதம் வரை ரத்தம் பார்க்கவேண்டும் என்றார்கள். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது, ரத்தத்தோடு ரத்தம் கலந்தாலும் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்திருந்தாலும்தான் பயம் என்று டாக்டரம்மா விளக்கினார். வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார். தலையைத் தலையை ஆட்டினேன். வாசலில் உங்கள் பெட்டியைப் பார்த்ததும் குறட்டைப் பொய்யைச் சொல்லிக் கூடத்தில் பாய் விரித்தேன். நகவெட்டியைக் காணோம் என்று வீட்டையே புரட்டினீர்களே, அதுவும் ரத்தத்துக்குப் பயந்து நான் ஒளித்துவைத்த கைவரிசைதான்.

கிளம்பும்போது, "நான் உனக்குப் பழசாயிட்டேன் போல" என்றீர்கள். ஊசிக்காவது மாத்திரை கொடுத்தார்கள்.

நேற்றுக் கடைசி ரிப்போர்ட் வந்தது. ஒரு நோயும் இல்லை. டாக்டரம்மா சொன்னதும் சிரித்தேன். இப்போதெல்லாம் பை முக்கால் நிரம்பினாலே கட்டிவிடுகிறேன். கஞ்சி காய்ச்சக்கூட இத்தனை கவனம் எனக்கு இருந்ததில்லை.

கோபம் இருந்தால் கடிதத்தில் திட்டவேண்டாம், நேரில் வந்து திட்டுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் லீவு கேளுங்கள். கூடத்தில் இனிப் பாய் விரிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களைப் பழசாக நினைக்காதவள்.

பின்குறிப்பு: நீங்கள் நம்பவேண்டுமே என்று அந்த ரிப்போர்ட்டை இதோடு வைத்து அனுப்பலாம் என்றிருந்தேன். அது சீருடைப் பையில் இருந்தது. இன்று காலை சீருடையை ஊறவைத்து, அடித்துத் துவைத்தேன். சீருடை நன்றாக வெளுத்திருக்கிறது.