ரேஷன் கார்டில் என் பெயர்

நவம்பர் 6, 1945. செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குழந்தைத் துணி எதுவும் காயவில்லை. அடுப்பங்கரைக் கொடியில் போட்டேன். மதியம் சோறு, சாளை மீன் குழம்பு. இந்த வீட்டில் பிள்ளை பார்க்க வந்த நாளிலிருந்து சாப்பாட்டில் குறை இல்லை. அதைச் சொல்லிக் காட்டுவதிலும் குறை இல்லை.

மாலை அக்கா பின்வாசலில். "உன் பேரை எங்க கார்டுல இருந்து எடுத்து இங்கன ஏத்துனதுல ஒரு ஆள் அரிசி போச்சுளா. ரூத்து சோறு பத்தலன்னு கேக்கமாட்டேங்கா. தட்டையே பாத்துக்கிட்டு இருக்கா."

ரூத், அக்கா வீட்டில் விட்டுவந்த என் மகள், எட்டு வயது. மூன்றாம் வகுப்பு.

நவம்பர் 7, புதன்

ரூத்துக்கென்று மீன் துண்டை இலையில் மடித்தேன். முதலாளியம்மா பார்த்துவிட்டார். "இங்கன உக்காந்து எவ்வளவு வேணாலும் சாப்பிடு ஞானம். கட்டிட்டுப் போற பழக்கம் வேண்டாம்." பிரித்து அவர் எதிரிலேயே தின்றேன். மானங்கெட்ட வயிறு.

நவம்பர் 9, வெள்ளி

வாங்க: சாம்பிராணி, கிரைப் வாட்டர், ஊக்கு.

முதலாளியம்மாவிடம் கேட்டே விட்டேன். "எனக்கு இங்க சாப்பாடு வேண்டாம்மா. என் பேரை எடுத்து அக்கா கார்டுலயே ஏத்திருங்க. அக்கா வீட்டுல சாப்பிட்டுட்டு வாரேன்."

"அரை வயித்தோட வந்து பிள்ளையத் தூக்குவியா? பட்டினி போட்டோம்னு ஊரு பேசவா?"

முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் பெயர் மாறும். அவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. அதுவரை வேலையை விட்டாலும் என் பங்கு அரிசி இந்த வீட்டில்தான். சே!

நவம்பர் 11, ஞாயிறு

கோயில் விட்டு வந்ததும் முதலாளியம்மா சிரித்த முகமாக: "உன் மகளையும் இங்கன கூட்டிட்டு வந்துரு. அவ பேரையும் நம்ம கார்டுலயே ஏத்திருவோம். மூணு வேளையும் சாப்பிடட்டும்."

அவள் அரிசியும் இந்த வீட்டில் மாட்டிக்கொள்ளும். ஆனால் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்ல? அழுதுவிட்டேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நவம்பர் 13, செவ்வாய்

நல்ல வெயில். ரூத் வந்துவிட்டாள். பெயரும் ஏறியாயிற்று. இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றாள். கண் நிறையப் பார்த்தேன்.

கை கழுவி வந்தவள் இடுப்பில் முதலாளியம்மா குழந்தையை வைத்தார். என்னைத் துணி துவைக்கப் போகச் சொன்னார்.

"யம்மா, நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போணும்லா?" என்று ரூத் என்னைக் கேட்டாள்.

முதலாளியம்மா முந்திக்கொண்டார். "ஏளா, மொதல்ல தின்ன சோறு செமிக்கட்டும்."

நான் துணியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.