என் ஆர்டர் மட்டும்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தாராவியில் பஸ் ஏறும்போதே ஷூவுக்குள் தண்ணீர். செம்பூர் கடையில் நாள் முழுக்க ஈர சாக்ஸுடன் நின்றேன்.

கவுண்டரில் மூன்று பேரிடம் திட்டு. மூன்றும் ஒரே விஷயம். போர்டில் டோக்கன் நம்பர் ‘ரெடி’ என்று ஒளிர்கிறது, பர்கர் வரவில்லை. ஒருத்தர் “க்யா மஜாக் ஹை?”, என்ன விளையாட்டா என்று என் மூஞ்சிக்கு நேரே கையை ஆட்டினார். நான் என்ன, ஏப்ரனுக்குள்ளா ஒளித்து வைத்திருக்கிறேன்?

‘ரெடி’ போடுவது கிச்சன். தயாரானதும் அங்கே திரையில் தட்டினால் ஆர்டர் மறையும், வெளியே நம்பர் ஒளிரும். திரைப் பக்கம் நிற்பது ஃபாரூக் பாய். தயாராகும் முன்பே தட்டுகிறாரோ? கவனிக்க வேண்டும்.

இட்லி மாவு புளிக்கவில்லை. வாங்க: சோப்பு, குடைக்கம்பி, மகளுக்கு மராத்தி நோட்டு.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம்.

டிஷ்யூ பேப்பரில் கோடு போட்டு வைத்தேன். முன்கூட்டியே ‘ரெடி’ ஆனவை: என் ஆர்டர் ஒன்பது. பக்கத்துக் கவுண்டர் பூஜாவுடையது ஒன்றுகூட இல்லை.

திரையில் ஒவ்வொரு ஆர்டர் மேலும் எடுத்தவர் பெயர் இருக்கும். ஆக, தெரிந்தேதான் தட்டுகிறார்.

ஏன் என்று யோசிக்கவே வேண்டாம். ஷிப்ட் லீடர் இடம் காலி. மேனேஜர் சவிதா மேடத்தின் லிஸ்டில் இரண்டே பேர், நானும் பாயும். லீடருக்கு எப்போதும் காலை ஷிப்ட். மகள் பத்தாவது. நான் இல்லாத சாயங்காலங்களில் புத்தகத்தைத் தொடுவதில்லை, போன்தான். எனக்கு அந்த இடம் வேண்டும். ரொம்ப வேண்டும்.

கடையில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். அவரும் திருநெல்வேலிப் பக்கம். மூன்று வருஷமாக அவர் டிபன் டப்பாவில் எனக்கும் பங்கு. இனி தொடுவதாக இல்லை.

இந்த டைரியை மகள் எடுத்தாலும் பயமில்லை. தமிழைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஜூலை 9, புதன்

தூறல். இன்று கோடு பதினொன்று.

பிரேக்கில் பாயே வந்தார்.

“ஏன் லெச்சுமி, மொகம் வாடிக் கெடக்கு? மேலுக்கு முடியலயா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய்.”

“ஆர்டர கொஞ்சம் நிதானமா அடிம்மா. அவங்க முழுசா சொல்லி முடிக்கட்டும். என்ன அவசரம்?”

எனக்குப் பாடம் எடுக்கிறாராம்! கடையிலேயே வேகமான கை என்னுடையது. கஸ்டமர் வாயைத் திறந்ததுமே முதல் ஐட்டம் மெஷினில் ஏறிவிடும். மிச்சத்தை அவர்கள் யோசித்து யோசித்துச் சொல்லட்டும், நான் சிரித்த முகமாக நிற்பேன். இதைக் கெடுக்கப் பார்க்கிறார். டப்பாவை நீட்டினார், பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய். அயிலைக் குழம்பு வாசனை வேறு.

ஜூலை 10, வியாழன்

மேடத்திடம் டிஷ்யூவைக் காட்டிவிட்டேன். கேமராவைப் போட்டுப் பார்த்தார். தட்டுவது தெளிவாகத் தெரிகிறது, பர்கர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பாயைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். பத்து நிமிஷம் தலையை மட்டும் ஆட்டினார். வாதாடவே இல்லை. தப்பு செய்யாதவர் என்றால் வாயைத் திறந்திருக்க மாட்டாரா?

ஜூலை 11, வெள்ளி

நல்ல மழை.

பாய்க்கு கல்யாண் கிளைக்கு மாற்றல், நாளையிலிருந்து. சயானில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம் நின்றபடி போக வேண்டும். அவர் பாடு.

போகும்போது கவுண்டர் பக்கம் வந்தார். “வாரேன் தங்கச்சி.” நான் ஸ்ட்ரா அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

இனி லிஸ்டில் நான் ஒருத்திதான். மகளிடம் சொன்னேன். “தினமும் சாயங்காலம் நீ வீட்லதான் இருப்பியா?” என்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

ஜூலை 12, சனி

கிச்சன் திரையில் பூஜா. காலை முழுக்க ஒருத்தரும் கத்தவில்லை. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேடம் கூப்பிட்டார். கையில் ஒரு தாள், முக்கால்வாசி சிவப்பு. எல்லாம் என் பெயர். “லக்ஷ்மி, யே க்யா ஹை?” என்ன இது என்று நீட்டினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூஜாதான் பிறகு ஓரமாக இழுத்துப் போய் இந்தியில் சொன்னாள். முதல் ஐட்டத்தை அடித்ததுமே கடிகாரம் ஓட ஆரம்பிக்குமாம். கஸ்டமர் யோசிக்கும் நேரமும் ஆர்டர் கணக்கில். மூன்று நிமிஷம் தாண்டினால் சிவப்பு, எடுத்தவர் பெயரில். என்னுடையது கிச்சனுக்கு வரும்போதே பாதி நேரம் போயிருக்கும். சிவப்பாகும் முன் பாய் தட்டிக் கடிகாரத்தை நிறுத்திவிடுவாராம்.

“தீதி, பாயிடம் நான் கேட்டேன். கஸ்டமர் கத்தினால் ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும், சிவப்பு விழுந்தால் அவளுக்கு லீடர் வேலை போய்விடும் என்றார்.”

மேடத்திடம் அவர் வாயைத் திறக்காததற்கும் அதுதான் காரணம். திறந்திருந்தால் என் சிவப்பெல்லாம் வெளியே வந்திருக்கும்.

இரண்டு நாள் கோடு போட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மழை விடவில்லை.

மேடத்திடம் எல்லாம் சொன்னேன். யாருக்காகத் தட்டினாலும் பொய் ‘ரெடி’ பொய்தான், மாற்றல் மாற்றல்தான் என்றார். லீடர் இடம் பூஜாவுக்கு.

கவுண்டரில் கையைக் கட்டிக்கொண்டு, கஸ்டமர் முழுசாகச் சொன்ன பிறகே அடித்தேன். ஒன்றுகூடச் சிவப்பாகவில்லை.

டூட்டி முடிந்து பாய்க்கு போன் போட்டேன். ஒரே ரயில் இரைச்சல்.

“சொல்லு தங்கச்சி. சாப்ட்டியா?”

“பாய்…”

“நிதானமா அடிக்கியா?”

“அடிக்கேன் பாய்.”

“அப்ப சரி. லீடர் ஆகிட்டியா?”

“ஆயிட்டேன் பாய்.”