மெழுகு அடைத்த விசில்

வரைபடங்கள் வைப்பதற்காக உங்கள் அண்ணன் கடையில் நீங்கள் தைக்கச் சொல்லி வாங்கித் தந்த தோல் பையை இன்று காலை திறந்தேன். பதனிட்ட தோலின் வாடை இன்னும் போகவில்லை. உள்ளே என் பழைய விசில் கிடந்தது, நீங்கள் அடைத்த மெழுகோடு.

நம் பள்ளியின் விருதுத் திட்டத்தில் ஓராண்டு விளையாட்டு, ஒரு கைத்திறன், ஒரு சேவை. கடைசியாக இரண்டு நாள் நடைப்பயணம். மாணவர்களே வழி கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர்கள் நாம் இருவரும் அவர்கள் கண்ணில் படாமல் பின்தொடர வேண்டும். ஆபத்து என்றாலொழியத் தலையிடக் கூடாது. புவியியல் ஆசிரியனான எனக்கு அந்த விதி சித்திரவதை. முதல் ஆண்டு விசில் ஊதியே கெடுத்தேன்.

அடுத்த ஆண்டு எரியோடு ஊர்ப் பக்கம், மேற்கே போக வேண்டிய பிள்ளைகள் தெற்கே திரும்பினார்கள். ஊதினேன்; காற்றுகூட வரவில்லை. உடற்கல்வி ஆசிரியரான நீங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சிரித்தீர்கள்.

"நல்லா ஊதுங்க சார். அரை மெழுகுவர்த்தி செலவு, அம்புட்டுதான்."

"தப்பாப் போறாங்க சார்!"

"போகட்டும். கேரளாவுக்கா போயிரப் போறாங்க? ஆபத்துன்னா ஊத என் கழுத்துல ஒண்ணு இருக்கு. செத்த நேரம் சும்மா இருங்க."

ஒரு முருங்கைத் தோட்டத்தில் அவர்கள் வழியில்லாமல் முட்டி நின்றார்கள். பூட்டுப் பட்டறைக்காரர் மகள் ஒருத்தியின் பையில் அவள் அப்பா கனத்த இரும்புப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அந்தப் பையின் மேல் வைத்தே காலை முழுக்கத் திசைகாட்டியைப் பார்த்திருக்கிறார்கள். பையைத் தள்ளி வைத்ததும் முள் திரும்பியது. "ஏலே, நம்ம ஊருப் பூட்டுதாம்லே இழுத்திருக்கு!" என்று அவள் கத்தியது நமக்கும் கேட்டது. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் அதை மறந்திருப்பாள்.

சென்ற மாதம் உங்கள் படத்துக்கு மாலை போட்டுத் தாளாளர் பேசினார். நேர்மை என்ற சொல்லை நான்கு முறை பயன்படுத்தினார். அதே வாரம் என்னை அழைத்தார்.

"நடைப்பயணம்னா பேரன்ட்ஸ் பயப்படுறாங்க சார். பஸ்ல கூட்டிட்டுப் போய் மலையடிவாரத்துல போட்டோ எடுத்துட்டு வந்துருவோம். பிள்ளைங்க நடந்தே போனதா நீங்க கையெழுத்துப் போட்டுருங்க."

"அப்போ விருதை டிரைவருக்குக் குடுங்க சார்" என்றேன். என் குரல் உயரவில்லை. அவர் மேசையைக் கவிழ்த்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வெளிப்பட்டிருக்காது.

மாணவர்களிடம் உள்ளதைச் சொன்னேன்: பேருந்துக்கு என் கையெழுத்து கிடையாது, நடக்க விரும்புகிறவர்கள் வீட்டிலிருந்து கடிதம் கொண்டு வாருங்கள். மூன்று பேர் வந்தால் போதும் என்றிருந்தேன். நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு தந்தை தொலைபேசியில் கேட்டார்: "ஏனுங்க சார், எம்பொண்ணு வழி தப்புனா நீங்க சொல்லீருவீங்கதானுங்களே?"

"சொல்ல மாட்டேங்க. ஆனா பின்னாலயே இருப்பேன்."

"சரிங்க. அப்படீன்னா அனுப்பறேனுங்க."

பதினாறு கடிதங்கள் வந்தன. பெற்றோர் பயப்படுகிறார்கள் என்ற தாளாளர் முன் அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினேன். எதையும் படிக்காமல் அனுமதித்தார். அவரை நான் மன்னிக்கவில்லை; மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

இதை ஒரு புளியமரத்தடியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்னால் வண்டிப்பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம்தான் சரி. பதினாறு பேரும் வரைபடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டு, இடப்பக்கம் போகிறார்கள். நெய்க்காரப்பட்டிப் பெண்தான் முன்னால் நடக்கிறாள்.

ஆபத்துக்கு ஊத உங்கள் விசில் என் கழுத்தில் தொங்குகிறது. உங்கள் வீட்டம்மா கொடுத்தார். என்னுடையதை வாயில் வைத்திருக்கிறேன். ஒரு குச்சியால் நோண்டினால் மெழுகு வந்துவிடும். நோண்டவில்லை சார். எழுந்து, அவர்கள் பின்னால் இடப்பக்கம் போகிறேன்.