தீயணைப்புக்காரருக்கு விழுந்த மாலை

லிங்கி, மலாயா,
12.3.1951

அன்புள்ள மனைவி தையல்முத்துவுக்கு,

நான் சுகம். வேலை அலுப்பு மட்டுந்தான். உமது கால்வீக்கம் வற்றியதா? சின்னவளுக்கு இருமல் விட்டதா?

போன ஞாயிறு அரசாங்க லாரியில் சில படங்களைக் கொண்டுவந்து எங்கள் தோட்டத்து ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். ஓர் அமெரிக்கப் பட்டணத்தில் பேர்பெற்ற கறுப்பு மனிதர்களாம். அந்த ஊரில் அவர்களுக்குள் முதல் டாக்டர், முதல் ஆசிரியை, முதல் தீயணைப்புக்காரர். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்பதால் தமிழில் விளக்குவது என் தலையில் விழுந்தது.

மறுநாள் பார்த்தால் எல்லாப் படத்துக்கும் செம்பருத்தி மாலை! சுவரில் படமாகத் தொங்கினால் செத்தவர்தான் என்று ரப்பர் பால்வெட்டுப் பெண்கள் நினைத்துவிட்டார்கள். துரை சிரித்துவிட்டுக் கழற்றச் சொன்னார்.

தீயணைப்புக்காரரின் மாலையை மட்டும் ராக்கம்மா விடவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்றேன்.

"எம்புருசன் சாடையா இருக்காரு, கிராணி. போன மாசம் அவர சுட்ட காட்டுக் கம்யூனிஸ்டுக்காரனுங்க, அடையாளக் கார்டுல இருந்த ஒரே படத்தையும் கிழிச்சுப் போட்டுட்டானுங்க. இன்னிக்கு ஒருநாள் இருக்கட்டும்லா."

கழற்றியாயிற்று என்று துரையிடம் பொய் சொன்னேன். நீர் பயப்பட வேண்டாம், அவள் புருஷனைச் சுட்டது தோட்டத்தின் தூரத்து டிவிஷனில்.

முடிந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பும். இங்கே வாங்குவதில் உறைப்பே இல்லை. தபால் லாரி வந்துவிட்டது.

கார்டுக்கு எடுத்த என் படத்தில் ஒன்று இத்துடன் வருகிறது. அதைச் சுவரில் மாட்ட வேண்டாம். உமது பெட்டிக்குள் வையும்.

இராசரத்தினம்