பதினேழாம் பக்கம்

ஜூன் 10, செவ்வாய்

விடாத மழை. பாறசாலைக் கடைக்குள் ஒழுகல். புத்தகக் கட்டுகளை மேசைமேல் ஏற்றும்போது போன். எங்கள் 'வேலிப் பழங்கள்' குழந்தைப் புத்தகத்துக்குப் பரிசு! இரண்டே பேர் நடத்தும் பதிப்பகம். எழுதியது நான், மற்றதெல்லாம் ஸ்டெல்லா. பனச்சமூட்டிலிருந்து அல்வாவோடு வந்தாள். “எக்கா, நம்ம ஜெயிச்சாச்சு!” கட்டிப்பிடித்து அழுகை. எனக்கும்தான்.

ஜூன் 11, புதன்

மழை. நடுவர்கள் எழுதியது மெயிலில் வந்தது. ‘இதையும் தின்னலாமா?’ என்ற கேள்வியோடு முடிவதுதான் நூலின் அழகாம்.

அது முடிவே இல்லை. ப.16: சிறுமி கையில் ஒதளங்காய், வாய்க்குப் பக்கத்தில். ப.17: ‘ஐயோ வேண்டாம், ஆளைக் கொல்லும் விஷம்.’ அச்சகத்தில் ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம்தான் வரும். ஒன்று கூடுகிறதென்று பதினேழை எடுத்தது நானே. கேள்வியோடு விட்டால் நன்றாக இருக்குமென்று பெருமை வேறு. பாவி.

ஒதளங்காய் பார்க்க அப்படியே பச்சை மாங்காய். வாய்க்கால் கரை முழுக்க நிற்கிறது.

ஸ்டெ.: “நம்ம பிள்ளையளுக்கு அது தெரியும் எக்கா. பரிசு வாங்கின பெறவு பாக்கலாம். இப்பம் சொன்னா மானம் போவும்.” சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 12, வியாழன்

தூறல். செய்யவேண்டியவை:
– ப.17 தனித்தாளாக அச்சு
– கடைகளுக்குப் போன்
– குடை ரிப்பேர்
மூன்றாவது மட்டும் நடந்தது.

மதியம் காஞ்சிரங்குளம் பள்ளிக்கூட டீச்சர் போன். “பிரைஸ் கிட்டின புக்கல்லே! பிள்ளையளுக்கு வீட்டுக்குக் குடுத்து விட்டாச்சு. கடைசிக் கேள்விக்கு விடை கண்டுபிடிச்சிட்டு வரச் சொல்லியிருக்கு.”

விடை கண்டுபிடிக்கவா! எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீச்சர் வீடுவீடாகக் கூப்பிட்டார். ஒரு வீட்டில் மட்டும் எடுக்கவில்லை. அனு, இரண்டாம் வகுப்பு. வாய்க்கால் கரையில் வீடு.

ஆட்டோ. வழியெல்லாம் ஸ்டெ. ஜெபம். எனக்கு ஒரு சாமி பேரும் வாயில் வரவில்லை.

முற்றத்தில் அனு. சிரட்டையில் நறுக்கிய பச்சைக்காய், உப்பு, மிளகாய்ப்பொடி. தம்பி வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறான். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். இரண்டும் அலறின. அம்மா ஓடிவந்தாள். “யாரு நீங்க? மாங்காயாக்கும் அது!”

மோந்து பார்த்தேன். மாங்காய்தான். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரென்று ஸ்டெ. சொன்னதும் அனு உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கம், என் முகத்துக்கு நேரே.

“இது ஒதளங்காயாக்கும். தின்னா செத்துப்போவும். எழுதின ஆளுக்கு இதுகூடத் தெரியாதா?”

தெரியும் மக்கா என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். ப.17 அச்சுக்குப் போயாயிற்று. பரிசுக்காரர்களிடமும் சொல்லியாயிற்று. கூடிப் பேசிவிட்டுச் சொல்கிறார்களாம். கடைகளுக்கெல்லாம் போன். ‘ஒரு புத்தகமும் விற்கவேண்டாம், விற்றது யாருக்கென்று சொல்லுங்கள்.’

இரண்டு கடைகள் இன்னும் எடுக்கவில்லை.