ஒரு நொடியில் ராஜபாளையம்

டெல்லி
11-12-1989

அப்பாவுக்கு மகள் சண்முகத்தாயின் வணக்கங்கள். பஞ்சுத் தூசியால் வந்த இருமல் குறைந்திருக்கிறதா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

"நட்சத்திரம் நின்ன எடத்துலதான நிக்குது, அதுல பாக்க என்னட்டி இருக்கு?" என்று ரயிலேற்றும்போது கேட்டீர்களே. அதன் வெளி அடுக்குகளில் வாயு அணுக்கள் ஓயாமல் ஓடுகின்றன அப்பா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் மில்லுக்கு நீங்கள் தினமும் பஸ்ஸில் போகிற தூரத்தை ஒரே நொடியில் கடக்கிற வேகம். ஆனால் கிளம்பியதுமே இன்னோர் அணுவில் மோதித் திரும்பிவிடும். எதுவும் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தபோது அதில் ஒரு கோடு வழக்கத்தைவிட அகலமாகத் தெரிந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்று நம்பி மூன்று வருடம் ஆய்வேடு எழுதினேன். சூட்டில் அணுக்கள் ஓடுவதால் வருகிற அகலம்தான், புதிதாக ஒன்றுமில்லை என்று பேராசிரியர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் சிரித்தேன். வேறு தலைப்பு எடுக்க இனிக் காலமில்லையாம்.

பெண் கேட்டவர்கள் விசாரித்தால், படிப்பு முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். பொய்யில்லை.

குளிர் தாங்கவில்லை, அம்மாவின் கம்பளியை அனுப்புங்கள். இல்லை, வேண்டாம். அது வருவதற்குள் நானே வந்துவிடுவேன். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். உங்கள் மில்லில் பெண்களை எடுக்கிறார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

சண்முகத்தாய்